நடுச்சுவர்

‘என்னுடையது’ என்று ஒரு பொருளைக் காட்டிச் சொல்லுகிறோமே, அந்த வார்த்தைக்கு எவ்வளவு தூரம் அர்த்தம் உண்டு? நிலம் என்னுடையது என்றால் விளங்குகிறது. வரப்பு இருக்கிறது, பட்டா இருக்கிறது, வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டினால் அடிதடி இருக்கிறது. மாடு என்னுடையது என்றாலும் விளங்குகிறது. மணப்பாறைச் சந்தையில் கயிறு கை மாறுகிற நிமிஷத்தில் மாடும் கை மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு பழைய எஜமானன் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கலாம். திரும்பிப் போக முடியாது.

ஆனால் சினிமாப் படம் பதிந்த ஒரு தட்டு என்னுடையது என்றால் என்ன அர்த்தம்? தட்டு மட்டும் என்னுடையதா, அதில் இருக்கும் படமும் என்னுடையதா? தட்டை முன்கட்டில் வைத்துக்கொண்டு படத்தைப் பின்கட்டில் பார்த்தால் சரியா? அடுத்த வீட்டில் பார்த்தால்? அதற்கும் அடுத்த வீட்டில்? எந்த வாசற்படியோடு ‘என்னுடையது’ நின்று போகிறது?

வக்கீல்கள் பேச வேண்டிய விஷயத்தைக் கதை எழுதுகிறவன் ஏன் எடுத்துக்கொண்டான் என்று வாசகர்கள் கேட்கலாம். வக்கீல்களும் பேசித்தான் இருக்கிறார்கள். அதைப் பின்னால் சொல்லுகிறேன். எனக்கு இந்தக் கேள்வி வையம்பட்டியில் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து வந்து சேர்ந்தது.

திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போகும் சாலையில், மணப்பாறைக்கு அப்பால் இருக்கிறது வையம்பட்டி. ரயில் உண்டு, பஸ் உண்டு, யூனியன் ஆபீஸ் உண்டு. காவிரி மட்டும் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் இரு பக்கமும் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த மேட்டுப் பூமி முதலில் கொஞ்சம் திகைப்பைத்தான் கொடுக்கும். பொன்னணியாறு அணையில் தண்ணீர் நின்றால் ஊருக்கு ஒரு முகம். நிற்காவிட்டால் வேறு முகம். அந்த ஊரில்தான் என் அக்காவைக் கொடுத்திருக்கிறோம்.

அக்கா வாழ்க்கைப்பட்டபோது அது ஒரே வீடு. முன்கட்டு, நடுவில் முற்றம், பின்கட்டு, கொல்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே உலையில் சாப்பிட்டார்கள். பிறகு பாகப்பிரிவினை வந்தது. முற்றத்தின் நடுவே கொத்தனார் நூல் பிடித்தார். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் எழும்பிற்று. வாசலிலிருந்து கொல்லை வரையில் வீடு நீளவாக்கில் இரண்டாயிற்று. மூத்தவராகிய அத்தானின் பங்கில் தாயார் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நடமாட்டம் இல்லை. பின்கட்டில் அந்த நடுச்சுவரை ஒட்டித்தான் அவருடைய கட்டில். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மகன். அந்தப் பக்கம் இன்னொரு மகன்.

அக்காவின் பிள்ளைக்குத் திருச்சியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அத்தான் ஒரு காலத்தில் படத் தட்டுகளை ஆசையோடு வாங்கிச் சேர்த்தவர். எல்லாம் கடையில் பில் போட்டு வாங்கியவை. ஏறக்குறைய இருநூறு தட்டுகள் மர அலமாரியில் அடுக்கி இருந்தன. பையன் அவற்றை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டிக்குள் பதிந்து வைத்துவிட்டான். சாதாரண டிவிடி தட்டு ஒன்று 4.7 ஜிபி கொள்ளும் என்றும், இருநூறு தட்டுகளும் ஆயிரம் ஜிபி கொள்ளும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன என்றும் எனக்குக் கணக்குச் சொன்னான். பெட்டி முன்கட்டில் இருக்கிறது. பின்கட்டில் அப்பாயியின் கட்டிலுக்கு எதிரே டெலிவிஷன். பழைய வீட்டுச் சுவர்கள் கனமானவை. வைஃபை அலை இரண்டு சுவர் தாண்டுவதற்குள் களைத்துப்போகிறது. அதனால் கூரையை ஒட்டி ஓர் ஒயரையே இழுத்துவிட்டான். இப்போது கிழவி ரிமோட்டை அழுத்தினால் முன்கட்டுப் படம் பின்கட்டுக்கு வந்துவிடுகிறது.

அவர் எப்போதும் சத்தத்தைக் கூட்டித்தான் வைப்பாராம். ‘காதுதான் நல்லாக் கேக்குதே அப்பாயி, எதுக்கு இவ்வளவு சத்தம்?’ என்று பேரன் கேட்டதற்கு, ‘அந்தப் பக்கம் புள்ளைங்களும் பாட்டுக் கேக்கட்டுமேடா’ என்றாராம்.

பிள்ளைகள் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? ஒரு நாள் கொல்லைப் பக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு விட்டன.

‘மாமா, ஒரு யோசனை சொல்லுங்க’ என்று என்னிடம் வந்தான் அவன். ‘சித்தப்பா வீட்டுப் புள்ளைங்க, எங்களுக்கும் ஒரு ஒயரு குடு அண்ணேன்னு கேக்குதுங்க. சுவத்துல ஒரு ஓட்டை போட்டா வேலை முடிஞ்சுது. பத்தடி ஒயரு. காசு குடுத்து வாங்குன தட்டுதானே, யாருகிட்டயும் திருடலையே? குடுக்கலாமா, கூடாதா?’

நான் உடனே பதில் சொல்லவில்லை. ‘கொடேன், பகிர்ந்துகொள்வது நல்லதுதானே’ என்று ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. ‘கொடுக்காதே, சட்ட விரோதம்’ என்று இன்னொன்றும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் அவசரப் பதில்களாகப் பட்டன.

ஓரிடத்தில் சுழலும் தட்டை வேறோர் இடத்தில் இருப்பவர்கள் அனுபவிப்பது நமக்குப் புதிது அல்ல. கல்யாண வீட்டில் நிமிஷத்துக்கு 78 தடவை சுழன்ற இசைத்தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷந்தான் பாடும். பந்தக்காலில் கட்டிய குழாய் வழியாக அந்த மூன்று நிமிஷம் வயற்காடு வரைக்கும் போய், களை எடுப்பவர்கள் காதிலும் விழும். திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. அங்கே ஓர் அறையில் தட்டின் மேல் ஊசியை வைத்தால், எங்கோ ஒரு கிராமத்தில் பஞ்சாயத்து ரேடியோவின் அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். குழாயும் பஞ்சாயத்து ரேடியோவும் ஊர் நடுவே இருந்தவை. கேட்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

அப்புறம் கேபிள் வந்தது. 1980-களின் கடைசியில் ஊருக்கு ஒருவர் கேபிள்காரர் ஆனார். பல ஊர்களில் அவர் அதற்கு முன்பு ரேடியோ ரிப்பேர்க் கடையோ சவுண்ட் சர்வீஸோ வைத்திருந்தவர்தான். ஓர் அறை, காஸெட் போடும் கருவி ஒன்றோ இரண்டோ, அங்கிருந்து புறப்பட்ட கறுப்பு ஒயர் மின்சாரக் கம்பங்களிலும் வேப்ப மரங்களிலும் தொங்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிற்று. தூரம் போகப் போகப் படம் மங்கும். நடுநடுவே ஆம்ப்ளிஃபயர் வைத்து அதற்குத் தெம்பு ஊட்டுவார்கள். பிறகு காஸெட் போய் விசிடி வந்தது. அந்தத் தட்டு ஒன்றில் சுமார் 74 நிமிஷப் படம்தான் கொள்ளும். நம்முடைய இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டு தட்டு, சில சமயம் மூன்று தட்டு வேண்டும். முதல் தட்டு முடிந்ததும் தெரு முழுவதும் ஒரே நிமிஷத்தில் எல்லார் வீட்டுத் திரையும் நீலமாகிவிடும். கேபிள்காரர் சாப்பிடப் போயிருந்தாரானால் நீலம் நீடிக்கும். ஜனங்கள் வாசலுக்கு வந்து, ‘உங்க வீட்லயும் போயிடுச்சா?’ என்று விசாரித்துக்கொள்வார்கள். இத்தனை வீடும் பார்ப்பது ஒரே ஒரு தட்டைத்தான் என்ற உண்மை அந்த நீலத் திரையில்தான் வெளிப்பட்டது.

இங்கேதான் வக்கீல்கள் வருகிறார்கள். வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1984-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 1989-ஆம் வருஷம் பம்பாய் ஹைகோர்ட்டில், கார்வேர் பிளாஸ்டிக்ஸ் கம்பெனிக்கும் டெலிலிங்க் என்ற கேபிள் ஸ்தாபனத்துக்கும் இடையே ஒரு வழக்கு நடந்தது. படத்தின் உரிமையாளர்களைக் கேட்காமல் ஒயரில் படம் அனுப்பியதுதான் விவகாரம். பார்ப்பவர்கள் அவரவர் வீட்டுக்குள், அவரவர் பெட்டியில் பார்க்கிறார்கள். வீடு என்பது அந்தரங்கமான இடம். இதில் பொதுஜனங்கள் எங்கே வந்தார்கள் என்பது கேபிள்காரர்கள் பக்கத்து வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. தனித்தனிச் சுவர்களுக்குள் உட்கார்ந்திருந்தாலும் அத்தனை பேரும் சேர்ந்தால் பொதுஜனந்தான் என்று தீர்ப்பாயிற்று. அதன் பிறகு 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 1994-இல் திருத்தியபோது, ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் படத்தை அனுப்பினால் அது பொதுஜனங்களுக்குக் காட்டியதாகவே கருதப்படும் என்று எழுதி வைத்தார்கள். ஹோட்டல் அறைகளையும் ஹாஸ்டல் அறைகளையும்கூட விடாமல் அதில் சேர்த்தார்கள்.

ஆகவே சட்டம் கோடு கிழித்திருக்கும் இடம் வீட்டின் எல்லை. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கையாண்டுகொள்ள அதில் இடம் இருக்கிறது. முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் படம் போவதில் தோஷம் இல்லை. நடுச்சுவரைத் தாண்டினால் பொதுஜனம். யோசித்துப் பாருங்கள். கொத்தனார் நூல் பிடித்ததற்கு முதல் நாள் வரையில், அதே குழந்தைகளுக்கு, அதே இடத்தில், அதே ஒயர் குற்றமற்றது. மறுநாள் அது குற்றம். ஒரு வண்டிச் செங்கல் தர்மத்தை மாற்றிவிடுமா?

வெளிநாட்டிலும் இந்தச் சுவரைத்தான் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி 1998-இல் தபாலில் தட்டு வாடகைக்கு அனுப்பும் கடையாக வியாபாரத்தைத் தொடங்கிற்று. 2007-இல் தட்டில்லாமல் இணையத்தின் வழியாகவே படத்தை அனுப்ப ஆரம்பித்தது. கடைசித் தபால் தட்டு 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி போயிற்று. கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதே அன்பு என்று 2017-இல் விளையாட்டாக எழுதிய அதே கம்பெனி, 2023-இல் ஒரு கணக்கு ஒரே வீட்டாருக்குத்தான் என்று கண்டிப்புச் செய்தது. அந்த ஜூலையில் இந்தியாவிலும் அந்தக் கண்டிப்பு வந்தது. கல்யாணமாகிப் போன மகள் அந்த வீட்டைச் சேர்ந்தவளா இல்லையா? பாகம் பிரித்த தம்பி? கம்பெனிக்கு அது தெரியாது. எந்தக் கூரையின் கீழ் இணைப்பு இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, கோடு அபத்தமானது, தாண்டிவிடலாம் என்று சொல்லத் தோன்றும். எனக்குத் தோன்றாததற்குக் காரணம், நான் எழுதிப் பிழைக்கிறவன்.

நம் மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் பலனாகக் கிளை நூலகங்கள் ஊர் ஊராகப் பரவின. அப்படி ஒரு நூலகத்தில் என் நாவல் ஒன்றின் கடைசித் தாளில் தேதி முத்திரைகள் இரண்டு பக்கம் நிறைந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிரதியை எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு பிரதிக்கு உண்டான பணந்தான். ஆனாலும் அன்று எனக்கு வயிறு நிறைந்தது. பின்னொரு சமயம் அதே நாவலை யாரோ பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, கைபேசிக் குழுக்களில் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். அதைக் கண்டபோது வயிறு எரிந்தது. இரண்டிலும் பணம் கொடுக்காத வாசகர்கள்தான் படித்தார்கள். ஒன்று இனித்து, மற்றது ஏன் கசந்தது?

வெகு நாள் யோசித்து எனக்கு ஒரு விடை கிடைத்தது. முதலாவது இரவல். இரண்டாவது இரவல் அல்ல. இரவல் கொடுக்கிறவன் அந்தப் பொருள் திரும்பும் வரையில் அது இல்லாதவனாக இருக்கிறான். வாங்கினவன் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவனாக இருக்கிறான். மூன்றாமவன் தன் முறைக்குக் காத்திருக்கிறான். கொடுப்பது, காத்திருப்பது, திருப்புவது என்ற இந்த மூன்று சிரமங்களும் சேர்ந்து, பொருளுக்கு ஒரு மரியாதை செய்துவிடுகின்றன. ஒயரில் அனுப்புகிறவனுக்கு எதுவும் குறைவதில்லை. அவனிடமும் இருக்கிறது, எதிர் வீட்டிலும் இருக்கிறது, ஆயிரம் வீட்டிலும் இருக்கிறது. ஒருவரும் காத்திருக்க வேண்டாம். ஒன்றையும் திருப்ப வேண்டாம்.

‘விளக்கிலிருந்து விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் வெளிச்சம் குறைந்துவிடுமா?’ என்று கேட்பார்கள். குறையாது, அழகான கேள்விதான். ஆனால் எண்ணெய் ஊற்றினவன் ஒருவன் இருக்கிறானே? சினிமாவில் அந்த எண்ணெய் ஒருவன் ஊற்றியது அல்ல. நட்சத்திரத்தை விடுங்கள். உச்சி வெயிலில் பிரதிபலிக்கும் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற லைட் பாய், விடிய விடியச் சாயம் தோய்த்த உடுப்புக்காரர், கூட்டத்தில் நின்று ஆடிய பெண் என்று நூறு பேர் ஊற்றிய எண்ணெய் அது. அவர்களில் பலருடைய பெயர் படத்தின் தலைப்பில் ஓடுகிற அந்த இரண்டு நிமிஷத்தில்தான் இருக்கிறது. கேபிள்காரர் அந்த இரண்டு நிமிஷத்தை ஓட்டிவிட்டு நேரே கதைக்குப் போய்விடுவார். பார்ப்பவர்களும் அதையே விரும்புவார்கள். தூரத்து அறையில் இருக்கும் தட்டைப் பார்க்கும்போது, அதைச் செய்தவர்கள் அதைவிடத் தூரத்தில் போய்விடுகிறார்கள்.

தண்டனையால் அவர்களை அருகே கொண்டுவர முயன்றார்கள். குண்டர் சட்டம் என்று ஜனங்கள் சொல்லும் 1982-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குள் 2004-இல் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள். எனக்கு அதைவிட நல்ல முயற்சியாகப் பட்டது 2007-இல் நடந்தது. மோஸர் பேர் கம்பெனி உரிமை வாங்கிய படங்களை, விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. அத்தானின் அலமாரியில் பெரும் பகுதி அப்போது வாங்கியதுதான். நேர்மையாக நடக்க ஒரு சாதாரண மனிதனுக்கு ஆகும் செலவு, ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவாகச் சுருங்கியபோது, அவர் மகிழ்ச்சியோடு நேர்மையாக நடந்தார். 2018-இல் அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவாயிற்று. ஆனால் விற்ற தட்டுகளைத் திருப்பிக் கேட்டு ஒருவரும் வையம்பட்டிக்கு வரவில்லை. மாதச் சந்தாவுக்கு வரும் படங்களோ, உரிமைக் காலம் தீர்ந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகின்றன.

இதுவரையில் படத்தைச் செய்தவர்கள் பக்கம் பேசினேன். ஆனால் கேபிள்காரரைக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் கடலைக் காட்டில் நின்ற பெண்கள், ராத்திரி ஆட்டத்துக்குப் பஸ் ஏறி மணப்பாறைக்குப் போய்த் திரும்ப முடியுமா? அவர்களுக்கு அந்த ஒயரில் வந்த மத்தியானப் படந்தான் படம். தவிர, அவருக்குத் தம்முடைய பார்வையாளர்கள் ஒவ்வொருவரையும் தெரியும். பரீட்சைக் காலத்தில் தாய்மார்கள் வாசலில் நிறுத்திச் சண்டை போட்டால், புதுப் படத்தைத் தள்ளி வைப்பார். தெருவில் சாவு விழுந்தால் அன்று பாட்டு இராது. கிழவிகள் கேட்டால் புராணப் படம் ஓடும். படத்தைச் செய்தவர்களுக்கு அவர் துரோகம் செய்தார். பார்த்தவர்களுக்குத் துரோகம் செய்யவில்லை. இன்றைய பெரிய கம்பெனிகள் தலைகீழ். படம் எடுத்தவர்களுக்குப் பணம் கொடுத்துவிடுகின்றன. ஆனால் பார்க்கிறவர் வீட்டில் இன்று சாவா, கல்யாணமா என்பது அவற்றுக்கு எட்டாது. அழுதுகொண்டிருக்கும் வீட்டுக்கும் அடுத்த படத்தைச் சிபாரிசு செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே ஒரு படத்தை அடுத்த அறைக்கு அனுப்புகிறவன் இரண்டு பேரை மறந்துவிடக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் அதைச் செய்தவர். இன்னொருவர் அதைப் பார்க்கிறவர். நடுவில் இருக்கும் சுவர் இரண்டு பேருடைய முகத்தையும் மறைத்துவிடுகிறது. முதலாமவரை மறக்காமல் இருக்கச் சட்டம் கொஞ்சம் உதவும். இரண்டாமவரை மறக்காமல் இருக்க எந்தச் சட்டமும் உதவாது.

வையம்பட்டி வீட்டிலேயே இதற்கு அத்தாட்சி இருந்தது. முன்பெல்லாம் அப்பாயிக்குப் படம் பார்க்க வேண்டுமென்றால், பேரன் அலமாரியிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வரவேண்டும். தட்டைத் துடைத்துக் கருவியில் போட்டு, படம் நிலைக்கிற வரையில் கட்டில் ஓரத்தில் உட்காருவான். அந்தக் கால் மணி நேரத்தில் தலையணை சரியாகும். மாத்திரை ஞாபகம் வரும். இரண்டு வார்த்தை பேச்சும் நடக்கும். இப்போது அவன் வரவேண்டிய அவசியம் இல்லை. இருநூறு படமும் கிழவியின் கட்டை விரலுக்கு அடியில் இருக்கின்றன. ‘எப்படி அத்தை, சௌகரியமா இருக்கா?’ என்று கேட்டேன். ‘அதுக்கென்ன தம்பி, படம் நல்லா வருது. ஆளுதான் வரக் காணோம்’ என்றார். முன்கட்டில் இருக்கும் பேரனைச் சொன்னாரா, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகனைச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

‘ஒயரை இழுக்காதே. தட்டைக் கொடு. தட்டுப் போடுகிற பழைய கருவி பரணில் கிடக்கிறதே, அதையும் சேர்த்துக் கொடு. வாடகைக்கு விட்டால்தான் சட்டம் கேட்கும். இரவல் கொடுத்தால் கேட்காது.’

‘அது என்ன மாமா, எப்படியும் அதே படத்தைத்தானே பாக்கப் போறாங்க?’

‘படம் அதேதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தட்டு அந்த வீட்டிலே இருக்கிற வரைக்கும், உன் பெட்டிக்குள்ளே இருக்கிற பிரதியை நீ தொடக்கூடாது. அப்பாயியும் தொடக்கூடாது. அது திரும்பி வருகிற வரைக்கும் அந்தப் படம் இந்த வீட்டில் இல்லை.’

அவன் சிரித்துவிட்டான். ‘தொட்டா யாருக்கு மாமா தெரியும்?’

‘ஒருத்தருக்கும் தெரியாதுடா. அதனாலேதான் சொல்கிறேன்.’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் இன்னொரு கேள்வி கேட்டான். என்னைத் தடுமாற வைத்த கேள்வி அதுதான். ‘பெரியவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல. தட்டை வாங்கிட்டு வரப் புள்ளைங்கள இந்தப் பக்கம் விடுவாங்களா? ஒயருன்னா சத்தமில்லாம போயிடும். தட்டுன்னா கையில பிடிச்சுக்கிட்டு வாசல் வழியா நடந்து வரணும். எல்லாருக்கும் தெரியும்.’

உண்மைதான். என் பதிலுக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை வாசகர்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. வாசல் வழியாக வரக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டால், அந்தக் குழந்தைகளுக்கு ஒரு படமும் கிடைக்காது. தர்மத்தைப் பற்றிய என் யோசனைக்காக, ஒன்றும் அறியாத பிள்ளைகள் தங்கள் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதைவிடச் சுவரில் ஓர் ஓட்டை போடுவது கருணை இல்லையா என்று ஒருவர் கேட்டால், அவரை நான் கல் நெஞ்சர் என்றோ திருடர் என்றோ சொல்ல மாட்டேன்.

ஆனாலும் என் மனம் தட்டின் பக்கமே சாய்கிறது. ஒயர் போய்விட்டால் இரண்டு வீடும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமலே இருக்கலாம். பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் வர ஒரு காரணமும் மிச்சம் இராது. பகையை வலிக்காமல் வைத்துக்கொள்ள அது நல்ல உபாயமாக முடியும். தட்டு அப்படிச் செய்யாது. அதை யாராவது எடுத்து வர வேண்டும். யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். கீறல் விழுந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். திருப்பித் தர மறந்தால் வந்து கேட்க வேண்டும். இத்தனை தொந்தரவு இருக்கிற இடத்தில் பேச்சு எப்படி அடியோடு அற்றுப்போகும்?

சௌகரியங்கள் பெருகிய காலத்தில் நாம் வாழ்கிறோம். அவற்றை வேண்டாம் என்று சொல்ல நான் சந்நியாசி அல்ல. அந்தச் சின்னப் பெட்டியை விட்டெறியும்படி பையனிடம் நான் சொல்லவும் இல்லை. நடக்க முடியாத ஒரு கிழவிக்கு இருநூறு படம் கைக்கு எட்டுவது பெரிய உபகாரம். ஆனால் நடை குறைந்த அளவுக்கு உறவும் குறைந்துபோகிறதா என்று, அனுப்புகிறவர்கள் அவ்வப்போது எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். படத்தை ஓடவிட்டுவிட்டு, அது தெரிகிற அறைக்கு ஒரு தடவை நடந்துபோய்ச் சற்று நேரம் உட்கார்ந்து எழுந்தால் போதும். தலைப்பில் பெயர்கள் ஓடும்போதே போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது. செய்தவர்களையும் பார்க்கிறவர்களையும் ஒரே நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.